அது விரிசல் என்று எழுதிக் கொடுத்தேன்

இருபத்தெட்டாவது ராடு இறங்கியபோதும் குழியிலிருந்து வெள்ளைப் பொடிதான் வந்தது. ஒரு ராடு இருபது அடி. பெருக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் நின்ற என் தம்பி செல்வம் பார்த்துவிட்டான்.

"ஐநூத்தி அறுவது வந்திருச்சுக்கா. இன்னும் தூசிதான் பறக்குது."

"இன்னும் ரெண்டு ராடு போகட்டும்டா."

பங்குனி வெயில். பொன்னமராவதிப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் புஞ்சை. ஆழ்துளை போடும் ரிக் வண்டியின் சத்தத்தில் காது அடைத்துப்போயிருந்தது. எல்லார் புருவத்திலும் பொடி படிந்து, மாவு மில்லில் நிற்பவர்கள் போல இருந்தோம். அரைபட்ட கல்லுக்கு ஒரு வாடை உண்டு, தீக்குச்சி உரசிய மாதிரி. அந்த வாடை வந்தால் தண்ணீர் வரவில்லை என்று அர்த்தம். எனக்கு அது மூக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது.

இடத்தைக் காட்டியவள் நான். அரசு அலுவலகத்தில் நிலத்தடி நீர் பார்த்து ஓய்வு பெற்றவள். இந்த மாவட்டத்தில் என் சுத்தியல் படாத பாறை குறைவு என்று இந்தத் தொடரின் முதல் வாரத்தில் பெருமையடித்துக்கொண்டேன். இரண்டு வாசகர்கள் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டார்கள். அவர்கள் இந்த வாரம் படிக்காமல் இருந்தால் நல்லது.

கல்லுக்குள் தண்ணீர் கிடையாது

முதலில் கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டைக்குக் கிழக்கே, அறந்தாங்கிப் பக்கம் போனால், பூமிக்குள் மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மணற்கல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் மேற்குப் பக்கம் அப்படி இல்லை. மேலே முழங்கால் அளவு மண், அடுத்து மக்கிய பாறை, அதற்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் கெட்டிப் பாறை. அது ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. எங்கேயாவது அது உடைந்து விரிசல் விட்டிருந்தால், அந்த விரிசலுக்குள் தண்ணீர் நிற்கும். எங்கள் பக்கம் கிணறு தோண்டுவது என்பது அந்த விரிசலைத் தேடுவதுதான்.

சித்தன்னவாசலுக்குப் போகிறவர்கள் கூரையில் இருக்கும் ஓவியத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் போனால் வெளியே நிற்கும் குன்றைத்தான் பார்ப்பேன். வெயிலிலும் மழையிலும் அந்தப் பாறை வெங்காயம் உரிவது போல ஏடு ஏடாக உரிந்திருக்கும். ஒருமுறை என் கணவர், "ஊரே உள்ள நிக்குது, நீ மட்டும் வெளியில நின்னு கல்லத் தடவிக்கிட்டு இருக்க" என்று திட்டினார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. திட்ட ஆளில்லாததால் இப்போதெல்லாம் நிறையத் தப்புச் செய்கிறேன்.

விரிசலை மேலே இருந்து பார்த்தால் கண்டுபிடிக்கலாம். அது நேராக ஓடும். இயற்கையில் நேர்கோடு அபூர்வம். ஓடை நெளியும், குன்று வளையும், மரம் இஷ்டத்துக்கு முளைக்கும். ஓர் ஓடை திடீரென்று ஸ்கேல் வைத்த மாதிரி ஓடினாலோ, கோடையில் ஒரு வரிசை மட்டும் பச்சையாக நின்றாலோ, அடியில் பாறை உடைந்திருக்கலாம்.

ஆனால் மனுஷனும் நேர்கோடு போடுவான். ரோடு, வாய்க்கால், வேலி, வரப்பு எல்லாம் நேர்கோடுதான். அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. கோட்டின் இரண்டு முனைகளையும் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் அறிக்கையில் 'விரிசல்' என்று எழுத வேண்டும். விதியை மீறிய இளைஞர்களை நான் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். என் வாய்க்குப் பயந்து லீவு போட்டவர்கள் உண்டு.

போனுக்குள் பூமி

நான் வேலைக்குச் சேர்ந்தபோது விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான் பார்ப்போம். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால், குன்றுகள் மேஜையிலிருந்து எழுந்து நிற்கும். பாறை வகைகளை நிறம் பிரித்துக் காட்டும் வரைபடம் வேண்டுமென்றால் சென்னைக்குக் கடிதம் எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த வரைபடத்தில் அதிகாரி டீ டம்ளரை வைத்திருப்பார்.

இப்போது எல்லாம் போனில் சும்மா கிடைக்கிறது. கீரனூரில் என் வாடகை வீட்டில், காலைக் காப்பியோடு உட்கார்ந்து உலகம் சுற்றுவேன். இரண்டு விரலால் விரித்தால் எரிமலை வாய், இன்னும் கொஞ்சம் தள்ளினால் பாலைவனத்து மணல்மேடு. ஓர் இடத்தைத் தொட்டால் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்று சொல்கிறது. பழைய வருஷத்துப் படங்களையும் வரிசையாகத் திருப்பிப் பார்க்கலாம். அந்தப் பாறை வரைபடத்தைப் படத்தின் மேலேயே போர்த்தியும் பார்க்கலாம், டம்ளர் கறை இல்லாமல்.

உலகத்தைச் சுற்றினாலும் விரல் கடைசியில் பிறந்த ஊருக்குத்தான் வரும். அப்படி வந்தபோதுதான் தம்பியின் நெடுங்காட்டுப் புஞ்சையில் அந்தக் கோடு தெரிந்தது. சுற்றிலும் காய்ந்து கிடக்கும் நிலத்தில், தெற்கு வடக்காக ஒரே நேராக, கரும்பச்சையாக ஒரு பட்டை. பல வருஷத்துப் படங்களிலும் அதே இடத்தில் இருந்தது. கடலை போட்ட வருஷம் கடலை அங்கே மட்டும் செழித்திருந்தது.

தம்பிக்கு அப்போதே போன் போட்டேன். "டேய், ஒன் புஞ்சையில நல்ல விரிசல் ஓடுதுடா. எடத்தத் தொடாத, நான் வாரேன்."

அவன் அதற்கு முன்பே தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரைக் கூட்டிவந்திருந்தான். அவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து, புஞ்சையின் மேற்கு மூலையைக் காட்டியிருந்தார். நான் போனபோது அவரும் அங்கே இருந்தார். அவர் முன்னாலேயே சிரித்தேன். அவர் தேங்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

பிறகு என் மீட்டரை வைத்து, கம்பிகளை நட்டு, மண்ணுக்குள் மின்சாரம் விட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தால் மின்சாரம் சுலபமாகப் போகும், மீட்டர் குறைவாகக் காட்டும். குறைவாகத்தான் காட்டியது. களிமண் இருந்தாலும் அப்படித்தான் காட்டும் என்பது முதல் வருஷ மாணவிக்குத் தெரியும். இன்னும் ஆழத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கம்பியை வேலிக்கு அப்பால்வரை இழுத்திருக்க வேண்டும். வெயிலாக இருந்தது. என் சொந்தத் தம்பியின் நிலம்தானே என்று வேலியோடு நிறுத்திக்கொண்டேன்.

துளை போடும் கடனுக்கு வங்கியில் அறிக்கை கேட்கிறார்கள் என்றான் தம்பி. எழுதிக் கொடுத்தேன். 'படத்தில் தென்வடலாகத் தெரியும் நேர்கோடு இயற்கையான பாறை விரிசலே ஆகும்.' கீழே என் பெயர், படிப்பு, வகித்த பதவி, பச்சை மையில் கையெழுத்து.

குழியை மூடியவர்

நாற்பதாவது ராடோடு வண்டிக்காரர்கள் நிறுத்தினார்கள். செல்வம் என்னைப் பார்க்காமல் மோட்டார் ரூம் பக்கம் போய்விட்டான். போகும்போது, "அடைக்கலம், குழிக்கு மூடியப் போடு" என்று கத்திவிட்டுப் போனான்.

அடைக்கலம் கீழத்தெருக்காரர். எங்கள் வீட்டு நிலத்தில் என் அப்பா காலத்திலிருந்து கூலிக்கு வருகிறவர். செல்வத்தைவிடப் பத்து வயது, என்னைவிட ஐந்து வயது மூத்தவர். செல்வம் அவரை வா, போ என்றுதான் பேசுவான். அவர் இரும்பு மூடியைக் குழியில் வைத்துக் கல்லால் தட்டிவிட்டு என் பக்கம் வந்தார்.

"தாயி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"எத வச்சு இங்கிட்டு எடம் பாத்தீக?"

போனைக் காட்டினேன். "இந்தா, இந்தப் பச்சைக் கோடு. அடியில பாறை ஒடஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

தலைத்துண்டை எடுத்துப் போனுக்கு நிழல் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க பாடை போற பாதை தாயி."

"என்ன சொல்றீங்க?"

"கீழத்தெருவுல எழவு விழுந்தா இப்புடித்தான் தூக்கிட்டு வருவோம். இடுப்பளவு பள்ளமாக் கெடக்கும். ரெண்டு பக்கமும் வேலி. ஒங்கப்பா உழுது புஞ்சையோட சேத்துக்கிட்டாக. கம்மாயில வண்டல் அள்ளியாந்து கொட்டி மேவுனாக. நீங்க அப்ப திருச்சியில காலேசு படிச்சீக."

"யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"யாரு கேக்குறது? வண்டல் அள்ளிக் கொட்டுன ஆளுகள்ல நானும் ஒருத்தன். கூலி குடுத்தாக."

எனக்கு எல்லாம் புரிந்தது. பள்ளமான பாதையை நிரப்பிய வண்டல் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. அதனால்தான் கடலை அங்கே மட்டும் செழித்தது. மீட்டர் காட்டியதும் அந்த வண்டலைத்தான். அதற்குக் கீழே ஒரு முடி அளவு விரிசல்கூடக் கிடையாது.

போனில் படத்தைச் சுருக்கினேன். அப்போதுதான் கோட்டின் இரண்டு முனைகளும் தெரிந்தன. தெற்கே கீழத்தெருச் சந்து ஒன்று எங்கள் வேலியில் வந்து முட்டி நிற்கிறது. வடக்கே எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அதே நேரில் ஓர் ஒற்றையடிப் பாதை மறுபடி தொடங்கி, ஓடைக்கரைச் சுடுகாட்டில் போய் முடிகிறது.

நான் பார்த்ததெல்லாம் எங்கள் வேலிக்கு உள்ளே இருந்ததை மட்டும்தான்.

போகக்கூடாத பக்கம்

எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். எங்கள் வீடுகளில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனையில் அழுதுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். என் அப்பாவுக்கே நான் தெருமுனைவரைதான் போனேன். நெடுங்காட்டுப் பக்கம் சின்ன வயதில் எங்களை விடவே மாட்டார்கள், பேய் அடிக்கும் என்பார்கள். குடுமியான்மலையிலிருந்து நார்த்தாமலைவரை கல் கல்லாக ஏறியவள், பிறந்த ஊரில் பிணம் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் கிழவியாகிவிட்டேன். கீழத்தெருப் பிணத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

"இப்ப எப்புடிப் போறீங்க?" என்று அடைக்கலத்தைக் கேட்டேன்.

"கம்மாக்குள்ள எறங்கித்தான். கோடையில செத்தவன் புண்ணியவான், காஞ்ச தரையில போவான். கார்த்திகையில செத்தா கழுத்துத் தண்ணி." கொஞ்சம் தயங்கிவிட்டு, "இந்தப் படத்த எங்களுக்குத் தர முடியுமா தாயி?" என்றார்.

அவர் மகள் பழனியம்மாளின் போனுக்கு அங்கேயே நின்று அனுப்பினேன். முனைகள் இரண்டும் தெரிகிற மாதிரி. ஏதோ நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வங்கியில் கிடந்த என் அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூடப் பொய். தோன்றியது, வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

உண்மையை மட்டும் சொன்னேன்

பழனியம்மாள் பொன்னமராவதியில் பிரிண்ட் எடுத்து, தெருக்காரர்களின் கையெழுத்தோடு பாதை கேட்டு மனுக் கொடுத்தாள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். செல்வம் என் அறிக்கையைக் காட்டியிருந்ததால் எனக்கும் நோட்டீஸ் வந்தது. ஆவணி மாதம் என்று நினைவு.

விசாரணைக்கு முந்தின நாள் செல்வம் கீரனூர் வந்தான். பை நிறையக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தான். சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஆரம்பித்தான்.

"அக்கா, ஒன்னையப் பொய் சொல்லச் சொல்லல. நீ எழுதுனதத்தான் சொல்லச் சொல்றேன்."

"அது தப்புடா. ஒனக்கே தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? நான் படிச்சவனா? நீதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்த. அத நம்பித்தான் ஓட்டை போட்டேன், எண்ணூறு அடி. நான் ஏதாச்சும் கேட்டேனா?"

எழுந்து கைகழுவிவிட்டு வந்தவன், வாசலில் நின்று, "ஒனக்குப் பொறந்த வீடு வேணுமா வேணாமா?" என்றான். சாதாரணமாகத்தான் கேட்டான்.

என் மகன் துபாயில் இருக்கிறான். கணவர் வழி உறவு அவரோடு போய்விட்டது. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் போய் உட்கார எனக்கு இருந்த ஒரே வீடு அதுதான். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. அன்று ராத்திரி என் மனசில் ஓடியது இதுதான், அதனால் எழுதுகிறேன்.

தாலுகா ஆபீஸில் ஒருபக்கம் அடைக்கலமும் பழனியம்மாளும் தெருக்காரர் சிலரும். இன்னொரு பக்கம் செல்வம், கையில் என் அறிக்கை. அதிகாரி இரண்டு காகிதத்தையும் மேஜையில் வைத்தார். ஒரே படம். ஒன்றில் பாதை என்று எழுதியிருந்தது, மற்றதில் விரிசல் என்று.

"நீங்க படிச்சவங்க, சொல்லுங்கம்மா. இது எது?"

"படத்த மட்டும் வச்சு உறுதியாச் சொல்ல முடியாதுங்க," என்றேன்.

"அப்ப இந்த அறிக்கை?"

"அது நான் குடுத்ததுதாங்க."

இரண்டு வாக்கியங்கள். இரண்டும் உண்மை. அறிவியல் மாநாட்டில் சொன்னால் யாரும் குறை காண முடியாது. அந்த இரண்டு உண்மையை வைத்து நான் செய்த அயோக்கியத்தனத்தைப் போல என் வாழ்நாளில் ஒரு பொய்யை வைத்துச் செய்ததில்லை. நிலத்தின் புலப்படத்தில் பாதை இல்லை, வல்லுநர் அறிக்கையும் இயற்கைக் கோடு என்கிறது, ஆகவே மனு முடித்துவைக்கப்படுகிறது என்று எழுதினார்கள். அடைக்கலம் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டல் கொட்டியது நான்தான் என்று அவர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

பஸ் ஸ்டாண்டில் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார். "போயிட்டு வாரேன் தாயி," என்றார். எப்போதும் சொல்கிற மாதிரியேதான் சொன்னார். செல்வம் எனக்கு டிபன் வாங்கிக் கொடுத்தான், தின்றேன்.

தேங்காய்க்காரர் காட்டிய மேற்கு மூலையில் அடுத்த மாதம் துளை போட்டார்கள். இருநூறு அடியிலேயே தண்ணீர் வந்ததாம். அதையும் செல்வம் போனில் சொன்னான்.

கார்த்திகை

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. கண்மாய் நிரம்பி மறுகால் போனது என்று ஊரே சந்தோஷப்பட்டது. கார்த்திகையில் ஒரு மத்தியானம் செல்வம் கூப்பிட்டான்.

"அடைக்கலம் போயிட்டான்க்கா. நெஞ்சுவலியாம். நல்ல வேலக்காரன்."

"எப்புடித் தூக்கிட்டுப் போனாங்க?"

"எப்பவும் போறாப்புலதான்," என்று வைத்துவிட்டான்.

போனில் படத்தைத் திறந்தேன். எப்போதோ கோடையில் எடுத்த படம் அது, இன்னும் மாற்றவில்லை. கண்மாய் வறண்டு, வெடித்து, காய்ந்த தரையாகக் கிடந்தது. அதில் யார் வேண்டுமானாலும் செருப்புக்கூட நனையாமல் நடந்து போகலாம்.

கருமாதி முடிந்த மறுநாள் நான் ஊருக்குப் போனேன். செல்வத்தின் வீட்டுக்குப் போகவில்லை. அறுபத்து மூன்று வயதில் முதல்முறையாகக் கீழத்தெருவுக்குள் நடந்தேன். என் அப்பா வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை.

பழனியம்மாள் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டாள். உட்காரச் சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன்.

"ஆறு பேரு தோளு குடுத்தாக," என்றாள் அவளாகவே. "பாதிக் கம்மா போனதும் தோளுக்கு மேல தண்ணி. பாடையத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சாக. ஒரு ஆளுக்குக் கால் வழுக்கிருச்சு. எங்கப்பா ஒரு பக்கமாச் சாஞ்சு தண்ணிக்குள்ள போயிட்டு வந்துச்சு. நாங்க பொம்பளைக கரையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தோம்."

"பழனியம்மா, அன்னிக்கு ஆபீஸ்ல நான்..."

"அதச் சொல்லி இப்ப என்னங்க ஆகப்போகுது?"

"தப்புப் பண்ணிட்டேம்மா. இப்ப எழுதித் தாரேன். அது பாதைதான்னு, நான் எழுதுன அறிக்கை தப்புன்னு."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போனாள். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும், கீழே வைத்து எழுத ஒரு தாம்பாளமும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"எழுதுங்க. மேல்மனு போடலாமாம். எங்கப்பாவுக்குத்தான் ஆகல. உள்ள எங்காத்தா படுத்துருக்கு, மூச்சு எளப்பு. கம்மாயில இன்னும் தண்ணி வத்தல. ஆத்தாவையாச்சும் தரையில தூக்கிட்டுப் போறோம்."

பேனாவைத் திறந்தேன். முதல் வரியை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இருட்டான உள்ளறையிலிருந்து இருமலும், அதற்குப் பின்னால் மெல்லிய குரலும் வந்தன.

"அந்தம்மாவப் புரியுற மாதிரி எழுதச் சொல்லுடி."